புண்ணும் அதன் பெயரும்

மனித உடம்பின் உறுப்புக்கள் எல்லாவற்றினும் பெரியது தோலே. வளர்ந்த ஒருவரது தோலை விரித்து அளக்கக்கூடுமாயின், அது ஏறக்குறைய 2 சதுர மீட்டர் பரப்புடையதாயிருக்கும். பெரம்பலூருக்கு வடக்கே பெருஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டோர், உள்ளிருப்போருக்கு மதிலே முதற்காவல் என்பதை எளிதில் உணர்வர். தோலும் அத்தகையதொரு மதிலே. அதன்மீது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எந்நேரமும் குடியிருக்கின்றன. மதில் சிதையாதிருக்கும் வரையில் அவற்றால் நமக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. முள் கிழித்த கீறல், கொசுக்கடியைச் சொறிந்த நகக்குறி, வியர்வையில் ஊறி வெந்த தோல் ஆகிய இவற்றுள் ஒன்று வாயிலாக அமையுமாயின், கிருமி அவ்வழியே உட்புகுந்து புண்ணை உண்டாக்குகின்றது.

இங்ஙனம் உண்டாகும் புண்கள் யாவை, அவற்றிற்குக் காரணமான கிருமிகளை ஆய்வுக்கூடத்தார் எவ்வாறு இனங்காண்கின்றனர், அவ்வாறு காண்பதனால் நம் ஊர் மக்களுக்கு யாது பயன் என்னும் மூன்றனையும் இவ்வியாசத்தில் ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

ஊரார் வழங்கும் பெயர்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்தவை. ஆற்றங்கரை ஒழிந்த இடங்களில் வானம் பார்த்த புன்செய்யே மிகுதி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பெரம்பலூர்ப் பக்கத்தின் முக்கிய விளைபொருள்களாம். அரியலூர்ப் பக்கத்திலோ சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிக்குள்ளன. மக்காச்சோளத் தோகையின் ஓரம் கையை அறுக்கும். காய்ந்த பருத்தி ஓட்டின் முனை விரலைக் குத்தும். கல்லும் புழுதியும் காலைச் சிராய்க்கும். சித்திரை வைகாசியில் கிணறுகள் வற்றுங்கால் குளிக்கும் நீரும் குறையும். ஆகவே தோற்புண் நம்மவர்க்குப் புதியதன்று. வேனற்கட்டி, சூட்டுக்கட்டி, சிரங்கு, நகச்சுற்று, அக்கி, ராஜபிளவை எனப் பல பெயர்களை மக்கள் வழங்கி வருகின்றனர்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு உடற்சூடே காரணம் என்பது ஊரார் கொள்கை. மாம்பழம் தின்றதனால் கட்டி வந்தது என்பாரும் உளர். வேனிற்காலத்தில் கட்டிகள் மிகுகின்றன என்பது மெய்யே. வியர்வையும் நீர்க்குறையும் அதற்குக் காரணமாகின்றன. ஆயினும், வெயில் ஒன்றே கட்டியை விளைவிக்குமாயின், ஒரே களத்தில் ஒரே வெயிலில் நின்ற பதின்மருக்கும் கட்டி வரவேண்டுமன்றோ? ஒருவருக்கு வருகின்றது, ஒன்பதின்மருக்கு வருவதில்லை. ஆதலின் பருவம் விதைப்பதற்கேற்ற ஈரம் போன்றது, விதை வேறு. அவ்விதையே கிருமி.

இன்னும் ஒன்று கூறுவாம். நகச்சுற்று வந்த விரலில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்துச் செருகுவதும், அக்கி வந்தவர் குயவரிடம் சென்று செங்காவியால் எழுதுவித்துக் கொள்வதும் நம் ஊர்களில் நெடுநாளாக உள்ள வழக்கங்கள். அக்கி என்பது பாக்டீரியாவால் வருவதன்று, வைரசால் வருவது, பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடுவது. தானே ஆறியதன் புகழைக் காவி பெற்றுக்கொண்டது. இதனை எள்ளி நகைப்பதற்காகக் கூறினோமல்லோம். அதே அக்கிக்கு மருந்துக்கடையில் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கும் கற்றவரும், பெயரறியாமல் மருந்திடும் அப்பிழையையே செய்கின்றனர் என்பதைக் காட்டவே கூறினோம்.

இரு பெருங் கிருமிகள்

சீழ்ப் புண்களுக்குக் காரணமான கிருமிகளுள் தலைமையானவை இரண்டு. 1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து அபர்தீன் நகரில் அறுவை வைத்தியராயிருந்த அலெக்சாந்தர் ஆக்ஸ்டன் என்பார், நோயாளிகளின் கட்டிகளினின்று எடுத்த சீழை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அதில் மிகச் சிறிய உருண்டைகள் கூடியிருக்கக் கண்டார். சிலவிடங்களில் அவை நூலிற் கோத்த மணிகள் போல் வரிசையாயிருந்தன. வேறு சிலவிடங்களில் திராட்சைக்குலை போல் திரண்டிருந்தன. குலை போன்றவற்றிற்கு, கிரேக்க மொழியில் குலை எனப் பொருள்படும் சொல்லைக் கொண்டு, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று 1882-ல் அவர் பெயரிட்டார். மணிமாலை போன்றவற்றிற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பெயரை பில்ராத் என்னும் வைத்தியர் 1874-லேயே வழங்கியிருந்தார். பின்னர் 1884-ல் ரோசன்பாக் என்பார் குலைக்கிருமியைத் தனியே வளர்த்து, பொன்னிறத் திரளாக வளர்ந்த வகைக்குப் பொன்னிறமானது எனப் பொருள்படும் 'ஆரியஸ்' என்னும் அடைமொழியைத் தந்தார். எளிமைக்காக நாம் முன்னதைக் குலைக்கிருமி என்றும் பின்னதை மணிக்கிருமி என்றும் வழங்குவோம்.

பொன்னிறக் குலைக்கிருமி பத்துப்பேரில் ஏறக்குறைய மூவரின் மூக்கினுள் யாதொரு துன்பமும் செய்யாது தங்கியிருப்பது. மூக்கைத் தொட்ட விரல் கீறலைத் தொடும்போது அது இடம் மாறுகின்றது. மயிர்க்கால்களில் தோன்றும் கட்டியும், பல கட்டிகள் ஒருங்கே சேர்ந்த ராஜபிளவையும் பெரும்பாலும் இதன் வேலையே. மணிக்கிருமியோ சீழைக் கட்டி நிற்பதைவிடப் பரவுவதில் வல்லது. தோல் சிவந்து கொதித்து, சிவப்பு நாளுக்குநாள் அகன்று, காய்ச்சலும் உண்டாக்குதல் இதன் இயல்பு. சிறுவர்களின் முகத்திலும் கைகால்களிலும் கொப்புளமாகத் தோன்றி, உடைந்து, தேன் நிறப் பொருக்குக் கட்டும் சிரங்கினை இவ்விரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோ உண்டாக்கலாம். உலகில் எந்நேரத்திலும் 16 கோடிக்கு மேற்பட்ட சிறுவர்கள் இச்சிரங்கால் வருந்துகின்றனர் என 2015-ல் வெளியான ஒரு கணக்கு மதிப்பிட்டது.

சிரங்குதானே, ஆறிவிடும் என்று பெற்றோர் எண்ணுதல் இயல்பு. பல சமயங்களில் அது ஆறியும் விடுகின்றது. ஆயினும் மணிக்கிருமியின் சில வகைகள், புண் தோன்றி ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப் பின், புண் ஆறி மறந்துபோன நிலையில், சிறுவனது சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. கிருமி அங்குச் செல்வதில்லை. அதனை எதிர்க்க உடம்பு ஆக்கிய பொருள்களே சிறுநீரகத்தின் வடிகட்டிகளிற் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. காலையில் கண்ணிமை வீங்கியிருத்தலும், சிறுநீர் குறைந்து கடுங்காப்பி நிறமாதலும் அதன் அறிகுறிகள். பெரும்பாலான சிறுவர் குணமடைகின்றனர். சிலர்க்கு நிலைத்த கேடு விளைவதுண்டு. சிரங்கு கண்ட பிள்ளையின் முகம் சில வாரங்கள் கழித்து வீங்கினால், அதனை ஊதுகாமாலை என்றோ உப்பு மிகுதி என்றோ கொள்ளாமல், அன்றே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் வினாக்கள்

இனி, புண்ணிலுள்ள கிருமி இன்னதென்று அறியும் வழியை நோக்குவாம். ஆய்வு மேசையில் தொடங்குவதன்று, புண்ணிலேயே தொடங்குவது. மேலே காய்ந்த சீழில் புண்ணோடு தொடர்பில்லாத பல கிருமிகள் சேர்ந்திருக்கும். ஆதலின் மேற்புறத்தைத் தூய நீரால் துடைத்து, ஆழத்திலிருந்து சீழை எடுத்தல் வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன்னரே எடுத்தல் சிறப்பு. பெயரும் நாளும் எழுதாத குப்பி எத்துணைச் சிறந்த ஆய்வுக்கூடத்தையும் பயனற்றதாக்கும். இவ்வாறு வந்த சீழை நோக்கி ஆய்வாளர் வரிசையாகச் சில வினாக்களைக் கேட்கின்றார்.

முதல் வினா: உருண்டையா, கோலா? என்ன நிறம் ஏற்கின்றது? டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்னும் வைத்தியர் 1884-ல் வெளியிட்ட சாயமுறை இன்றும் இதற்குப் பயன்படுகின்றது. சீழைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, காயவைத்து, ஊதாச் சாயத்தையும் பின் அயோடினையும் இட்டு, சாராயத்தால் கழுவி, இறுதியில் சிவப்புச் சாயம் இடுவர். சுவர் தடித்த கிருமிகள் ஊதாவை விடாது பற்றிக்கொள்ளும். சுவர் மெலிந்தவை அதனை இழந்து செந்நிறம் ஏற்கும். நாம் கூறிய இரு கிருமிகளும் ஊதா உருண்டைகளாகத் தோன்றும். சில நிமிடங்களில் முடியும் இவ்வாய்வு ஒன்றே வைத்தியருக்குப் பாதி வழியைக் காட்டிவிடுகின்றது.

இரண்டாம் வினா: எவ்வாறு வளர்கின்றது? கிருமியை வளர்ப்பதற்குரிய களியை அகர் என்னும் கடற்பாசிப் பொருளால் ஆக்குகின்றனர். ஜெர்மனியில் கோஹ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த ஹெஸ்ஸே என்பவரது மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே, சமையலறையிற் பழகிய அகரைக் கிருமி வளர்க்கவும் பயன்படுத்தலாம் என 1881-ல் கூறினார். வெப்பத்தில் உருகிவிடும் பழைய களிகள் அதன்பின் ஒதுக்கப்பட்டன. நம் இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளும் அகருக்கு உதவுவன. இக்களியில் செம்மறியாட்டின் இரத்தத்தைக் கலந்து, சீழை இழைத்து, உடலின் வெப்பமாகிய 37 பாகையில் ஓரிரவு வைத்தால், காலையில் கிருமித் திரள்கள் கண்ணுக்குத் தெரியும். மணிக்கிருமியின் திரள் குண்டூசி முனையளவே. ஆனால் அதனைச் சூழ இரத்தம் கரைந்து தெளிந்த வளையம் ஒன்று அகன்று நிற்கும். குலைக்கிருமியின் திரள் பருத்து, வெண்மையாகவோ பொன்னிறமாகவோ இருக்கும்.

மூன்றாம் வினா: நுரைக்கின்றதா? திரளில் சிறிது எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு துளியில் தோய்த்தால், குலைக்கிருமி உடனே நுரை பொங்கச் செய்யும், மணிக்கிருமி செய்யாது. குலைக்கிருமியிடத்துக் கேட்டலேஸ் என்னும் நொதி உண்மையே இதற்குக் காரணம். இரத்தத்திலும் அந்நொதி உண்டு. ஆதலின் இரத்தக்களி ஒட்டிக்கொள்ளாதபடி எடுத்தல் மாணவர் மறவாதிருக்க வேண்டிய எச்சரிக்கை.

நான்காம் வினா: உறைய வைக்கின்றதா? குலைக்கிருமிகளிலும் பல இனங்கள் உள. தோலில் வாளா கிடக்கும் சாதுவான இனங்களினின்று பொன்னிறக் குலைக்கிருமியைப் பிரித்தறிய, முயலின் இரத்தநீரில் அதனைக் கலந்து 37 பாகையில் வைப்பர். பால் தயிராவதுபோல் இரத்தநீர் உறையுமாயின் அது பொன்னிற இனமே. பெரும்பாலும் 4 மணி நேரத்தில் விடை கிடைக்கும். உறையாவிடில் மறுநாளும் பார்த்தே முடிவு கூறுவர். மணிக்கிருமியாயின், பாசிட்ராசின் என்னும் மருந்து மிகச் சிறிதளவு ஊறிய காகித வட்டை வைத்து, அதனைச் சுற்றி வளர்ச்சி நிற்கின்றதா என நோக்குவர். நோயாக்கும் முக்கிய இனம் அம்மருந்துக்கு அடங்கிவிடும். 1933-ல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அம்மையார் வகுத்த பிரிவுகளில் இது 'ஏ' பிரிவைச் சேர்ந்தது.

இவ்வினாக்களுள் ஒன்றேனும் பெருஞ்செலவுடைய பொறியை வேண்டுவதன்று. சாயமும் களியும் துளி மருந்தும் பொறுமையும் இருப்பின் போதும்.

எம்மருந்துக்கு அடங்கும்?

பெயரறிந்தபின் எஞ்சுவது மருந்து பற்றிய வினா. 1928-ல் லண்டனில் ஃபிளெமிங் என்பார், பூஞ்சணம் விழுந்த தட்டு ஒன்றில் கிருமிகள் அழிந்திருக்கக் கண்டு பெனிசிலினை அறிந்தார். அத்தட்டில் வளர்ந்திருந்தது நம் குலைக்கிருமியே. ஆயின், பெனிசிலின் பரவத் தொடங்கிய 1940-களிலேயே அதனைச் சிதைக்கும் குலைக்கிருமிகள் தோன்றிவிட்டன. அவற்றை அடக்க மெத்திசிலின் என்னும் புது மருந்தை ஆக்கினர். 1961-ல் அதற்கும் அடங்காதவை இங்கிலாந்தில் காணப்பட்டன. முதலில் பெரிய வைத்தியசாலைகளுக்குள் மட்டும் இருந்த இவ்வகை, 1990-களில் வைத்தியசாலையையே அறியாத சிறுவர்களிடத்தும் காணப்படலாயிற்று. மணிக்கிருமியோ இதுகாறும் பெனிசிலினுக்கு அடங்கியே வருகின்றது. பார்வைக்கு ஒன்றுபோன்ற இரு சிரங்குகளுள் ஒன்று பழைய எளிய மருந்தால் தீரும், மற்றொன்று தீராது. கண்ணால் காணமுடியாத இவ்வேறுபாட்டைத் தட்டு காட்டுகின்றது.

களித்தட்டு முழுவதும் கிருமியைப் பரப்பி, பல மருந்துகள் ஊறிய காகித வட்டுக்களை இடைவிட்டு வைப்பர். மறுநாள், அடங்கும் மருந்தைச் சுற்றி வெற்றிடம் வளையமாக நிற்கும். மெத்திசிலினுக்கு அடங்காத குலைக்கிருமியை அறிய 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின் வட்டைப் பயன்படுத்துவர். வளையத்தின் குறுக்களவு 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆயின் அது அடங்காத இனம் எனத் துணிவர்.

அங்ஙனமாயின் ஒவ்வொரு சிரங்கின் சீழையும் ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டுமோ எனின், வேண்டா. இரண்டொரு சிறு சிரங்குகளை வைத்தியர் கண்டு மருந்திடலாம். சிறு கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுதலே பல வேளைகளில் போதிய மருத்துவமாகும். திரும்பத் திரும்ப வரும் கட்டி, மருந்திட்டும் பரவும் புண், காய்ச்சலோடு கூடிய சிவப்பு, ஒரே வீட்டிலோ விடுதியிலோ பலர்க்கு ஒருங்கே வரும் சிரங்கு, அறுவைக்குப் பின் சீழ் வைத்த புண் ஆகிய இவற்றிற்கு ஆய்வு இன்றியமையாதது. கட்டிகள் அடிக்கடி வருவோர் நீரிழிவுக்காக இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுதல் நலம். மூக்கிலும் மேலுதட்டிலும் தோன்றும் கட்டியைப் பிதுக்குதல் ஒருபோதும் ஆகாது. அவ்விடத்து இரத்தக்குழாய்கள் மூளையின் பக்கம் செல்வன. சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிருமி வளர்க்கும் வசதி பெரும்பாலும் இராது. ஆனால் அங்கிருந்து குப்பி செல்லத்தக்க இடங்கள் இன்று அண்மையிலேயே உள. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்துவைக்கப்பெற்றது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரிலும் ஒரு மருத்துவக் கல்லூரி உளது.

கண்ணை ஏமாற்றும் இரு நோய்கள்

பெயரறிதலின் அருமையை விளக்க இன்னும் இரண்டினைக் கூறுவாம். ஆடுமாடு வளர்ப்போர் அடைப்பான் என்று அறிந்திருக்கும் நோய், இறந்த விலங்கின் தோலை உரிப்பவர் கையில் கரிய பொருக்குடைய புண்ணாகத் தோன்றுவதுண்டு. சுற்றிலும் வீக்கம் மிகும். ஆனால் வலி இராது. வலியில்லாமையே அதனைப் பொருட்படுத்தாது விடச் செய்கின்றது. மருத்துவம் பெறாவிடில் ஐவரில் ஒருவர் வரை இறத்தல் கூடும். காலத்தே பெற்றால் ஏறக்குறைய எல்லோரும் பிழைப்பர். கிராம் சாயத்தில் இக்கிருமி மூங்கிற் கணுக்கள் போல் தொடர்ந்த பெரிய ஊதாக் கோல்களாகத் தோன்றும். தென்னிந்தியாவில் இந்நோய் இன்னும் தொடர்வதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஆய்ந்து எழுதியுள்ளனர். திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் உறையாத இரத்தம் கசியும் ஆட்டையோ மாட்டையோ அறுத்தலும் உரித்தலும் ஆகா. கால்நடை வைத்தியருக்கு அறிவித்தலே கடமை.

மற்றொன்று தொழுநோய். நிறம் வெளுத்த, உணர்ச்சியற்ற ஒரு தேமல்தான் அதன் தொடக்கம். 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் என்பார் கண்ட அக்கிருமி, இன்றுவரை எந்தக் களியிலும் வளர்வதில்லை. ஆகவே காதுமடல் முதலிய இடங்களில் தோலைச் சிறிது கீறி, ஊறும் நீரைத் தகட்டில் தடவி, வேறொரு சாயமுறையால் நோக்குவர். அமிலத்தாலும் நீங்காத சிவப்போடு கிருமிகள் தென்படும். கிருமி தென்படாத தொடக்கநிலையும் உண்டாதலின், உணர்ச்சியின்மையை வைத்தியர் கையால் சோதித்தல் அங்கே முதன்மை பெறும். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசினர் நடத்திவரும் நிலையம் இத்துறையில் பலரைப் பயிற்றுவித்துள்ளது. 1981 முதல் வழக்கத்திலுள்ள கூட்டு மருந்தால் இந்நோய் முற்றும் தீரும். மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. தேமல் என்று வாளா இருந்த ஆண்டுகளே விரல்களைக் கவர்கின்றன.

வாயிலை அடைத்தல்

இறுதியாக, புண் வாராமற் காக்கும் வழி. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கராச்சி நகரத்து ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் சாதாரண சோப்பால் கைகழுவச் செய்ததனால் சிறுவர்களின் சிரங்கு 34 சதவீதம் குறைந்தது. பிஜித் தீவுகளில் சொறியை உண்டாக்கும் சிறு பூச்சியை ஒழிக்க ஊரார் அனைவருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்தபோது, ஓராண்டில் சொறி 94 சதவீதமும், சீழ்ச்சிரங்கு 67 சதவீதமும் குறைந்தன என 2015-ல் அறிவித்தனர். சீழ்க்கிருமியைக் கொல்லும் மருந்து அங்கே வழங்கப்படவில்லை; சொறிதல் நின்றது, வாயில் அடைபட்டது, அவ்வளவே. ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் வீட்டார் அனைவரும் ஒரேநாளில் மருத்துவம் பெறவேண்டும் என வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே. நகத்தைக் குறைத்தல், துண்டைப் பகிராமை, கீறலை உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி மூடுதல் என்பன காசு மிகுதியாக வேண்டாத காவல்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. உங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் காலில் ஆறாத சிரங்கைக் காணின், எஞ்சிக் கிடந்த மாத்திரையை எடுத்துக் கொடாதீர்கள். தாயிடம் அது எத்தனை நாளாக உளது, வீட்டில் வேறு எவர்க்கு உளது, பிள்ளையின் முகம் காலையில் வீங்குகின்றதா என்று கேளுங்கள். கேட்டபின் அப்பிள்ளையை வைத்தியசாலைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். புண்ணின் பெயரை ஆய்வுக்கூடம் கூறும். அப்பெயரைக் கேட்கும் இடம்வரை பிள்ளையைக் கொண்டுசேர்த்தல் கற்றவர் கடன்.